படகோட்டி மகனின் பெயர்

அத்தியாயம் ஒன்பது

"அண்ணி, இங்கே தும்மினாக்கூட எழுதிக் குடுத்துட்டுத்தான் தும்மணும் போல" என்று கொழுந்தன் காதோரமாகச் சொன்னான்.

ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை அப்படித்தான் இருந்தது. ஆறு நீள மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. பேனா கொண்டுவரக் கூடாது என்று நாலு சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். வாசலில் இருந்த டப்பாவில் பேனாவைப் போட்டுவிட்டு, அவர்கள் கொடுக்கும் பென்சிலை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கொழுந்தனுக்குக் கிடைத்த பென்சில் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதை வைத்துக் கொலைகூடப் பண்ண முடியாது என்று அவன் முணுமுணுத்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. சிரித்து எட்டு மாதம் ஆகிறது. கணவர் நடத்திய துப்பறியும் நிறுவனத்தை, அவர் பேர் எழுதிய பலகையையும் மாற்றாமல், அப்படியே ஏற்று நடத்துகிறாள். அவர் போன பிறகு ஒரு நாள்கூட ஒழுங்காக அழுததில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, அவ்வளவுதான். உதவிக்கு அவருடைய தம்பி இருக்கிறான். அவன் வாய் மூடாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இவளுக்கு அதுவே பேராகிவிட்டது.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் காப்பகத்தின் காப்பாளர். இருபத்தாறு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். நாளைக் காலை பத்து மணிக்கு அவள்மேல் விசாரணை. அது முடிந்ததும் நாற்காலி போய்விடும், பேரும் போய்விடும். திருட்டுக்கூட இல்லை, அதைவிடப் பெரிய பழி. இருநூறு வருஷத்துப் பழைய பதிவேடு ஒன்றில் யாரோ புதிதாக ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். படகுத்துறையில் தொழில் செய்த குடும்பங்களின் பட்டியல் அது. வரிசையாகப் படகோட்டிகள், அவர்கள் மனைவிமார், வயது. பக்கத்தின் அடியில் இருந்த இடைவெளியில், பழைய எழுத்தைப் போலவே அழகாக ஒரு வரி. ஒரு படகோட்டிக்கு ஒரு மகன், அவனுக்கு மூன்றெழுத்தில் ஒரு பெயர், வயது ஐந்து.

பென்சில் மட்டும் புழங்கும் அறையில் மை எப்படி வந்தது என்று அண்ணி கேட்டாள். காப்பாளர் தன் மேஜையைக் காட்டினாள். வாங்கும் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்காக அங்கே ஒரு பேனா உண்டு. இந்த அறையில் இருக்கும் ஒரே பேனா அது. அதனால்தான் எல்லோரும் அவளைக் கை காட்டுகிறார்கள்.

இந்த ஒன்றரை வருஷத்தில் அந்தப் பதிவேட்டை வாங்கியவர்கள் இரண்டே பேர். போன வாரம் ஒரு பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர். பதினைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சரித்திர நாவலாசிரியர். பன்னிரண்டு நாவல் எழுதிப் பேர் வாங்கியவர்.

"எழுத்தாளர் எத்தனையோ வருஷமா வர்றாங்க. ஒரு தாளை மடிச்சதில்லை. தங்கமானவங்க" என்றாள் காப்பாளர்.

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து போனதே இல்லையா என்று அண்ணி கேட்டாள். இல்லவே இல்லை என்று காப்பாளர் பட்டென்று சொன்னாள். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டதை அண்ணி கவனித்தாள்.

* * *

மெய்ப்புத் திருத்துநரைப் பதிப்பகத்தில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பெரிய கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். மேஜைமேல் அச்சுத் தாள்கள் மலையாகக் குவிந்திருந்தன. எழுத்தாளரின் பதிமூன்றாவது நாவல் அதில்தான் இருந்தது, நாலு நாளில் அச்சுக்குப் போகிறது.

பிழையைக் கண்டுபிடித்தவர் இவர்தான். ஆனால் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தார். எழுத்தாளர் தன் நாவல்களில் ஒரு பெயரைக்கூட அதன் காலத்துக்கு முன்னால் வைத்ததில்லை என்றார். இந்தப் புத்தகத்தில் படகோட்டியின் மகனுக்கு வைத்திருக்கும் பெயரோ கதை நடக்கும் காலத்துக்கு எண்பது வருஷம் கழித்துத்தான் புழக்கத்துக்கே வந்தது. ஆதாரம் கேட்டு எழுதினார். பதிவேடும் பக்கமும் குறித்துப் பதில் வந்தது. போய்ப் பார்த்தால் மை புதுசு.

"மையை விடுங்க. எழுதினவனுக்கு அந்தக் காலமே தெரியலை. ஏழு வயசு ஆகாத பிள்ளைக்கு அப்போ பதிவேட்டுல பேரே எழுத மாட்டாங்க. பிழைக்குமா பிழைக்காதான்னு தெரியாத காலம். 'பிள்ளை ஒன்று'ன்னு எண்ணிக்கை மட்டும்தான். இவன் அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பேரை எழுதி வச்சிருக்கான்."

இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கொழுந்தன் கேட்டான். எழுத்தாளரின் மூன்றாவது நாவலைப் படித்துத்தான் என்றார் அவர். அதனாலேயே எழுத்தாளர்மேல் அவருக்குச் சந்தேகம் துளியும் இல்லை. ஊருக்கே பாடம் சொன்னவர் அதே பாடத்தில் தப்புவாரா? காப்பகத்தில் யாரோ அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். பெரிய மனிதரின் மனசு நோகக் கூடாது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேராகக் காப்பகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் தன் தீர்ப்பைச் சொன்னான்.

"எனக்கென்னவோ இவரே எழுதிட்டு இவரே கண்டுபிடிச்சிருப்பாரோன்னு தோணுது அண்ணி. பிழையே இல்லாத எழுத்தாளருக்குப் பிழை பார்க்கிறவர்னா வேலையே இல்லாம எவ்வளவு நாள்தான் உட்கார்ந்திருப்பார்?"

"இவர் போனது போன வாரம். ஆதாரம் எழுதி வந்த கடிதம் ரெண்டு மாசம் பழசு" என்றாள் அண்ணி.

கொழுந்தன் ஸ்கூட்டரை உதைத்தான்.

பின்னால் உட்கார்ந்த அண்ணிக்கு ஒரு விஷயம் இடித்தது. அந்தப் பழக்கம் தெரியாதவர்கள் எழுதியிருக்கலாம். சரி. ஆனால் பொய் சொல்கிறவர்கள் தேவைக்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். வயதை எதற்கு எழுத வேண்டும்? அதுவும் பத்து, பன்னிரண்டு என்று இல்லாமல் ஐந்து என்று ஏன் எழுத வேண்டும்?

எழுத்தாளரின் தெருவைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு பெயர், முனையில் நின்ற பலகையில் வேறு பெயர். மருந்துக் கடைக்காரருக்கு இரண்டுமே தெரியவில்லை, அவர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். "தெருவுக்கே மூணு பேரு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒண்ணு மாத்திக்கிச்சு போல" என்றான் கொழுந்தன். வீடு மூன்றாவது மாடி. படிக்கட்டு ஒரு ஆள் மட்டும் ஏறும் அகலம்.

* * *

கதவைத் திறந்தது எழுத்தாளரின் மனைவி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நடுவிரலில் மைக்கறை காய்ந்து கிடந்தது. நாவல் விஷயமாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அண்ணி சொன்னதும், யார், என்ன என்று கேட்காமல் உள்ளே விட்டாள்.

எழுத்தாளர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டே இருந்தன. ஒன்றை ஒன்றால் பிடித்து மடியில் வைத்திருந்தார். நாலு வருஷமாகப் படி இறங்கியதில்லை என்று அவரே சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள். முதல் நாவலிலிருந்தே எழுத்து அவளுடையதுதான். இப்போது மற்றதெல்லாம்கூட அவள்தான்.

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன் வந்திருக்கிறது என்று படிக்கட்டுப் பக்கம் நழுவினான்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே அட்டைகள், ஒரு பெயருக்கு ஒரு அட்டை. ஒரு பெயர் எந்த வருஷம் முதன்முதலில் எழுத்தில் வந்தது, யார் வைத்துக்கொண்டார்கள், எப்போது வழக்கொழிந்தது, எல்லாம் அதில் இருந்தது. எழுத்தாளர் சுரத்தே இல்லாத குரலில் விளக்கினார். நாம் நினைக்கிற மாதிரி பழைய மனிதர்களைப் பேச வைத்துவிட முடியாது. அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் நன்றி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் நாவலில் ஒருத்தன் உயிரைக் காப்பாற்றினாலும் மற்றவன் தலையை மட்டும்தான் ஆட்ட வேண்டும். புருஷன் பெண்டாட்டி எப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று தெரியாமல் ஒரு காதல் காட்சியை இரண்டு வருஷம் தள்ளிப் போட்டிருக்கிறார். தெருவுக்குப் பழைய பேரைப் போட்டால் படிப்பவர்கள் அப்படி ஒரு தெருவே இல்லை என்று கடிதம் எழுதுகிறார்கள். புதுப் பேரைப் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் காறித் துப்புகிறார்கள்.

"பேருக்கும் பிறந்த வருஷம் உண்டும்மா. அதுக்கு முன்னாடி அந்தப் பேர்ல ஒருத்தரும் இருக்க முடியாது" என்றார்.

படகோட்டியின் மகன் பெயருக்கான அட்டையைப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டாள். அவர் ஒரு இழுப்பறையைக் காட்டினார். தேடவே வேண்டியிருக்கவில்லை, முதல் அட்டையே அதுதான். ஓரமெல்லாம் பிசுபிசுத்துப் போயிருந்தது. முதலில் காணப்பட்ட வருஷம் என்ற இடத்தில், பூதக்கண்ணாடி சொன்ன அதே வருஷம், எண்பது வருஷம் பிந்தியது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

அண்ணி அதை இரண்டு தடவை பார்த்தாள். மற்ற அட்டைகளில் எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல்! ஒரு வருஷம் முந்திய ஆதாரம் கிடைத்தால்கூடத் தேதி போட்டுத் திருத்துகிற மனிதர். எண்பது வருஷம் முந்திய ஆதாரம் கிடைத்து, அதை நம்பி ஒரு முழு நாவலும் எழுதியாகிவிட்டது, அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் யோசித்தாள்.

கொழுந்தன் வாசலில் தலையை நீட்டினான். அண்ணி எழுந்து போனாள்.

"காப்பாளர்கிட்ட போன்ல கேட்டேன். அந்த அறையில யாரையும் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதில்லையாம் அண்ணி. வாசகர் அட்டையில என்ன பேரோ அதுதான் பேரு. எழுத்தாளரோட அட்டையைக் கொண்டு வர்றதால இந்தம்மாதான் அங்கே எழுத்தாளர். இந்த நிஜ எழுத்தாளரைக் காப்பாளர் பார்த்தே பல வருஷமாச்சு." குரலை இன்னும் தாழ்த்தினான். "இன்னொண்ணு. அந்த வரி எழுதின அன்னைக்குக் காப்பாளரோட மகள் போன் பண்ணியிருக்கா. பத்து நிமிஷம் வராந்தாவுக்குப் போயிருக்காங்க. தெரிஞ்சவங்கதானேன்னு அறையைப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதை வெளியே சொன்னா வேலை போயிடும்னு மறைச்சிருக்காங்க."

"மறைச்சாலும் போகப்போகுது" என்றாள் அண்ணி. நாளைக்கு அதையும் அவளே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

* * *

சமையலறையில் எழுத்தாளரின் மனைவி டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. காப்பாளரின் மேல் விழுந்திருக்கும் பழியைச் சொன்னாள். நாளைக் காலை பத்து மணி என்று சொன்னாள். இருபத்தாறு வருஷம் என்று சொன்னாள்.

அந்த அம்மா அடுப்பை அணைத்தாள். மூடியை எடுத்துப் பாத்திரத்தின்மேல் வைத்தாள். அவளுக்கு விசாரணை விஷயம் தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்தப் பாவம் வேறு ஒருத்தி தலையில் விடியும் என்று தான் நினைக்கவே இல்லை என்றாள். அழுகை வரவில்லை. சாமான் பட்டியல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஒரே மகன். காய்ச்சல், மூன்றே நாள். முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பெயரை வீட்டுக்குள் உச்சரித்ததே இல்லை. வாய்க்கு வரவில்லை. ஒருவர் சொன்னால் இன்னொருவர் தாங்க மாட்டார் என்று இவளும் நினைத்தாள், அவரும் நினைத்திருப்பார். புத்தகத்திலாவது அவன் பெயரில் ஒரு பிள்ளை வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொரு நாவலுக்கும் காத்திருந்தாள். ஒவ்வொரு நாவலுக்கும் அவர் அந்த அட்டையை எடுத்துப் பார்ப்பார், வருஷத்தைப் பார்ப்பார், திரும்ப உள்ளே வைப்பார். இந்தக் காலத்துக் கதையாக எழுதுங்களேன் என்று ஒரு தடவை கேட்டதற்கு, அவன் இருந்த காலத்தைத் தன்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

"அந்த வரியைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டாந்து நீட்டினேன். ரெண்டு வருஷமா வாயே திறக்காத மனுஷன் அன்னைக்குச் சாயங்காலமே சொல்ல ஆரம்பிச்சார். பதினோரு மாசம் இந்த வீட்டுல தினமும் அந்தப் பேரைச் சொன்னார். நான் தினமும் எழுதினேன்."

நாளைக்குத் தானே வந்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள். ஒரே ஒரு வேண்டுதல்தான் அவளுக்கு இருந்தது. "அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. அது நிஜமான வரின்னு நம்பிட்டிருக்கார்."

அண்ணி அட்டையை மேடைமேல் வைத்தாள்.

"இதுல வருஷத்தைத் திருத்தவே இல்லையே."

அந்த அம்மா அட்டையைப் பார்த்தாள். அட்டை எழுதுவது அவள் கைதான். "திருத்தச் சொல்லலை. நானும் கேட்கலை" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து எழுத்தாளர் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"சீட்டைப் பார்த்ததுமே தெரியும்" என்றார். "அஞ்சுன்னு இருந்துச்சே. ஏழுன்னு எழுதியிருந்தா நானே நம்பியிருப்பேன்."

"ஏழுன்னு எழுதத்தான் போனேன்." அந்த அம்மா அவரைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தே பேசினாள். "பேனாவை வச்சதுக்கப்புறம் முடியலை. அவனுக்கு ஏழு ஆகவே இல்லையே."

எழுத்தாளர் தலையை ஆட்டினார். தெரிந்தும் ஏன் கேட்காமல் இருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நீ ஏன் சொல்லவில்லை என்று அவரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம். கொழுந்தன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பின்னால் போட்டான்.

பழியைத் தான் ஏற்றுக்கொள்வதாக எழுத்தாளர் சொன்னார். அதெல்லாம் வேண்டாம் என்றாள் அண்ணி. ஒரு பொய்யால் வந்த வினையை இன்னொரு பொய்யால் தீர்த்தால் நாளைக்கு நாற்காலி மட்டும்தான் மிஞ்சும், காப்பாளரின் பேர் மிஞ்சாது. எழுதியது யாரோ அவர் எழுதட்டும், தெரிந்திருந்தும் சும்மா இருந்தவர் கீழே கையெழுத்துப் போடட்டும். அந்த அம்மா உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. அவர் கையெழுத்துப் போட நாலைந்து நிமிஷம் ஆனது. அவள் தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் அதை மடித்துப் பைக்குள் வைத்தான்.

பிறகு அவளாகவே போய் இழுப்பறைகளைத் திறந்தாள். அந்தக் காலத்தில் நிஜமாகவே புழங்கிய பெயர்களில் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றாள். அச்சுக்குப் போக நாலு நாள் இருக்கிறது, பூதக்கண்ணாடியிடம் சொன்னால் எல்லா இடத்திலும் மாற்றிவிடுவார். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்தாள். நல்ல பெயர்கள். வருஷம் பொருந்தும், தொழிலும் பொருந்தும். எழுத்தாளர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பதினாறாவதோ பதினேழாவதோ அட்டையில் அவள் நிறுத்திவிட்டு, வேறென்னதான் செய்வது என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றார் எழுத்தாளர். "முன்னுரையில சேர்க்கணும். எழுதிக்க."

பன்னிரண்டு புத்தகத்தில் ஒரு பெயர்கூடத் தப்பில்லை என்று வாங்கிய பேர் அதோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அவளுக்கு உள்ளே ஏதாவது ஒன்று வலித்தது இன்றைக்குத்தான்.

இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்கினார்கள். கதவு சாத்தவில்லை. மேலே அவர் குரல் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, எழுதுகிறவள் கைக்கு ஏற்ற வேகத்தில் சொன்னார்.

"இந்த நாவலில் ஒரு பெயர் தவறு. கதை நடக்கும் காலத்தில் அந்தப் பெயர் கிடையாது. எனக்கும் என் மனைவிக்கும் அது தெரியும். அது எங்கள் மகனின் பெயர்."

பிறகு அந்த மூன்றெழுத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். கொழுந்தன் படியில் நின்றுவிட்டான். அண்ணியும் நின்றாள்.

"எழுதிட்டேன்" என்றாள் அந்த அம்மா. "மேல சொல்லுங்க."